வள்ளல் அழகப்பர் கண்ட செல்வம்

திருவிழாக் காலத்தில் ஆலயத்திற்கு வருவோர் இறைவனிடம் வேண்டும் வரங்களுள் முதலிடம் பெறுவது பொருட்செல்வமே. அதில் குற்றமொன்றும் இல்லை. இல்லறத்தார்க்குப் பொருள் வேண்டும் என்பதை நம் முன்னோர் மறுத்தாரல்லர். அறம், இன்பம், வீடு ஆகியவற்றோடு பொருளையும் வைத்தே நாற்பொருள் என்றனர். ஆயினும் பொருளுடையார் எல்லாரையும் செல்வர் என்று உலகம் நெடுநாள் நினைவில் வைப்பதில்லை. ரப்பரும் அன்னாசியும் விளையும் இப்பொந்தியான் மண்ணில் வாழும் நமக்கு, மலாயாவின் ரப்பரிலும் பொருளீட்டிய ஒருவரது வரலாறு இதனை நன்கு விளக்கும். அவரே காரைக்குடி வள்ளல் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாக 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அழகப்பர் தோன்றினார். அவர் பிறந்த நகரத்தார் மரபு, கடல் கடந்து கொண்டுவிற்ற மரபு. இலங்கை, பர்மா, மலாயா என எங்குக் கிட்டங்கி அமைத்தாலும் அங்கே தண்டாயுதபாணிக்கும் ஓர் இடம் அமைத்தவர்கள் அவர்கள். ஆதாயத்தில் ஒரு பகுதியை மகமையென ஒதுக்கிக் கோயில் திருப்பணிக்குத் தந்தார்கள். இம்மலைநாட்டில் இன்று நாம் வணங்கும் முருகன் ஆலயங்கள் பலவற்றின் தோற்றத்தில் அம்மகமைக்குப் பங்குண்டு.

அம்மரபினரின் செல்வம் நிலைத்ததா? 1930களின் பொருளாதார மந்தத்தில் கடன்கள் முடங்கி, அடைமானமாக வந்த நிலங்களால் கீழ்ப்பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் கால் பங்கு அவர்கள் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவில் புகுந்தபோது, அத்தனை நிலத்தையும் விட்டுப் பலர் வெறுங்கையராய்த் தாயகம் திரும்ப நேர்ந்தது. பத்திரங்கள் பெட்டியில் இருந்தன, நிலம் இல்லை. அழகப்பரின் தலைமுறை கண்கூடாகக் கண்ட காட்சி இது.

அழகப்பர் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். இலண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார்; விமானம் ஓட்டவும் கற்றார். திரும்பி வந்தபின் 1937இல் கொச்சி நாட்டில் நூற்பாலை நிறுவினார். திருச்சூரை அடுத்த அவ்வூர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்குகிறது. மலாயாவில் ரப்பர், காப்பீடு, பங்குச் சந்தை, ஜூபிடர் ஏர்வேஸ் என்னும் விமான நிறுவனம் எனத் தொட்ட துறைகள் பல. பிரிட்டிஷ் அரசு அவருக்குச் 'சர்' பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றபின் அதனை அவர் துறந்தார்.

இத்தனையும் உடையவருக்கு ஒன்று இல்லாது போயிற்று. இளமையிலேயே அவரைத் தொழுநோய் பற்றியது. 1940களில் சல்போன் மருந்துகள் வரும்வரை அந்நோய்க்கு உறுதியான மருத்துவம் உலகில் எங்கும் இல்லை. நோயுற்றாரை உற்றாரும் ஒதுக்கினர். மலாயாவில் அவர்களுக்கெனச் சுங்கை பூலோவில் 1930இல் தனிக் குடியிருப்பே அமைக்கப்பட்டிருந்தது என்பதை மூத்தோர் அறிவர். கோடியால் வாங்க இயலாதது எது என்பதை அழகப்பர் ஏட்டில் படித்து அறிந்தவரல்லர். தம் உடம்பில் அறிந்தவர். இந்நிலையில் மனம் கசந்து கதவடைத்துக் கொண்டிருந்தால் அவரைக் குறை கூறுவார் யாரும் இரார்.

அவரோ கொடுக்கத் தொடங்கினார். 1943இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழாராய்ச்சி நடைபெற ஓர் இலட்சம் ரூபாய் வழங்கினார். கேரள மண்ணில் தமிழுக்கு ஓர் இருக்கை அமைந்தது இவ்வாறே. 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு அவர் தந்த ஐந்து இலட்சத்தால் கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. ஓர் இலட்சத்தின் மதிப்பு அந்நாளில் எத்தகையது என்பதை இன்றைய கணக்கால் அளத்தல் அரிது.

1947 ஜூலைத் திங்களில் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் அமைக்கச் செல்வர்கள் முன்வர வேண்டுமென்று வேண்டிக்கொண்டார். இத்தகைய வேண்டுகோளுக்குக் கைதட்டிவிட்டுக் கலைவதே மேடை வழக்கம். அழகப்பர் அங்கேயே இசைந்தார். அடுத்த மாதமே காரைக்குடியில் காந்தி மாளிகையில் கலைக்கல்லூரி தொடங்கிவிட்டது. சொந்தக் கட்டடம் எழும்வரை அவர் காத்திருக்கவில்லை. தம் உடல்நிலை அறிந்தவர் ஆதலின் அவ்விரைவு போலும்.

அதன்பின் வந்தவை பொறியியற் கல்லூரி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, தொழிற்பயிலகம், சிறார் பள்ளி முதலியன. பெண்கள் கல்லூரிக்கெனத் தாம் வாழ்ந்த மாளிகையையே அளித்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் பெருநகரொன்றில் அமைய வேண்டியதாயிருக்க, 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் ஈந்து அதனைக் காரைக்குடிக்குக் கொணர்ந்தார். 1948 ஜூலை 25 அன்று பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். மழை குறைந்த அச்செம்மண் பொட்டலில் ஆராய்ச்சிக்கூடம் எதற்கு என்று ஐயுற்றோர் இருந்திருப்பின் வியப்பில்லை.

கோயிற் பணியை விட்டுக் கல்விக்குப் பொருளைத் திருப்பினார் என்று இதனைக் கொள்ளலாகாது. முன்னோர் கோயிலுக்குத் தந்த மகமையை அவர் கல்விச்சாலைக்கும் நீட்டினார் என்பதே பொருத்தம். குழல்விளக்கு ஒன்றை உபயமளித்துவிட்டு ஒளியை மறைக்குமளவு பெயரெழுதிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அழகப்பர் பெயரும் அவர் நிறுவனங்களில் இருக்கிறது. ஆனால் அப்பெயரின்கீழ்ப் பயின்றோரில் சிற்றூர்ப் பிள்ளைகளும் உண்டு.

1956இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள், நாற்பத்தெட்டு அகவை நிறைய ஒரு நாள் எஞ்சியிருக்க, அவர் இறைவனடி சேர்ந்தார். காந்தி மாளிகையில் அவர் தொடங்கிய கல்லூரிக்கு அப்போது பத்தாண்டும் நிறையவில்லை. அவர் அளித்த மண்ணில் 1985ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது.