டாக்காவிலிருந்து சிகாகோவுக்கு: பொறியியலாளர் பஸ்லுர் ரஹ்மான் கான்

எங்கள் உம்மும்மா ஹஜ் செய்து திரும்பிய நாளில் ஜித்தா விமான நிலையத்தைப் பற்றி வெகுநேரம் கதைத்தார். சுவரே இல்லாத இடமாம். தலைக்கு மேலே வெள்ளைக் கூடாரங்கள் தொங்குமாம். பாலைவன வெயிலிலும் அதன் கீழே நிழலும் காற்றும் இருந்ததாம். அந்தக் கூடாரங்களின் பின்னால் இருந்த பொறியியலாளர் வங்காளத்து முஸ்லிம் ஒருவர் என்பது அவருக்குத் தெரியாது. பொறியியலாளராக வேண்டுமென்ற ஆசையில் உயர்தரத்தில் கணிதப் பிரிவைத் தெரிவு செய்த எனக்கும் அது அண்மையில்தான் தெரிந்தது.

பஸ்லுர் ரஹ்மான் கான் 1929ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி டாக்காவில் பிறந்தார். தந்தை கணித ஆசிரியர். கணிதப் பாடநூல்களும் எழுதியவர். அத்தகைய வீட்டில் கணக்கு என்பது பரீட்சையோடு முடிந்துபோகும் விடயமாக இருந்திருக்காது. கல்கத்தாவுக்கு அருகே சிப்பூரிலுள்ள பொறியியற் கல்லூரியில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது, 1950இல் கலவரம் வெடித்தது. படிப்பை இடையில் விட்டு டாக்கா திரும்பிய அவர், அங்குள்ள அஹ்ஸனுல்லாஹ் பொறியியற் கல்லூரியில் அதை நிறைவு செய்தார்.

பட்டம் கிடைத்த பின் அவர் என்ன செய்தார் என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. எமது நாட்டிலும் பொறியியல் பட்டம் பெற்றவர் மறுநாளே பட்டயப் பொறியியலாளர் ஆகிவிடுவதில்லை. பயிலுனராகச் சேர்ந்து, அனுபவசாலிகளின் கீழ் சில வருடங்கள் வேலை பழக வேண்டும். கானும் முதலில் நெடுஞ்சாலைத் திணைக்களத்தில் உதவிப் பொறியியலாளராக வேலை செய்தார், கல்லூரியில் கற்பித்தார். 1952இல் புலமைப்பரிசில் பெற்று அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் சென்று, மூன்றே வருடங்களில் இரண்டு முதுமாணிப் பட்டங்களும் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

இத்தனை பட்டங்களோடு 1955இல் சிகாகோவின் ஸ்கிட்மோர், ஓவிங்ஸ் அன்ட் மெரில் நிறுவனத்தில் சேர்ந்தவருக்கு ஆரம்பத்தில் கிடைத்தது வானுயர்ந்த கோபுரம் அல்ல. கொலராடோவில் அமைந்துகொண்டிருந்த விமானப்படைக் கல்லூரிக்கான பாலங்கள். ஆனால் அந்த நிறுவனத்தில் கட்டடக்கலைஞர்களும் பொறியியலாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். வழமையாக ஒருவர் வடிவத்தை வரைந்து முடித்த பிறகுதான் மற்றவர் அதைத் தாங்கும் வழியைக் கணக்கிடுவார். கான் அப்படியல்லாமல், முதற்கோடு வரையும்போதே புரூஸ் கிரஹாம் போன்ற கட்டடக்கலைஞர்களோடு சேர்ந்து வேலை செய்யப் பழகினார். எந்தப் பல்கலைக்கழகத்திலும் அவர் பெறாத படிப்பு இதுவென்றே நினைக்கிறேன்.

1957இல் தாயகம் திரும்பி, கராச்சி அபிவிருத்தி அதிகாரசபையில் பணியாற்றினார். அங்கே நிர்வாக வேலைதான் அதிகம். வடிவமைப்பு வேலையை விரும்பி 1960இல் மீண்டும் சிகாகோவுக்கே சென்றார். சொந்த நாட்டை விட்டுப் போனாரே என்று சிலர் குறை சொல்லக்கூடும். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. 1971இல் வங்காளதேச மக்கள் துயருற்றபோது, சிகாகோவிலிருந்தபடியே அவர்களுக்காக ஆட்களைத் திரட்டி உதவியவரும் அவர்தான்.

அவரது பெரும் கண்டுபிடிப்பை விளங்கிக்கொள்ள ஒரு மூங்கிலை நினைத்தால் போதும். உள்ளே வெற்றிடம், பலம் முழுவதும் வெளிச்சுற்றில். உயர்ந்த கட்டடத்துக்கு அதன் பாரத்தை விடப் பெரிய சவால் பக்கவாட்டில் தள்ளும் காற்று. முன்பு உள்ளே தூண்களை அடுக்கிச் சமாளித்தார்கள். மாடி கூடக்கூட உருக்கும் செலவும் எகிறின. கான் தூண்களை வெளிச்சுவரில் நெருக்கமாக வைத்து, கட்டடம் முழுவதையும் ஒரு குழாயாக நிற்கச் செய்தார். சிகாகோவின் 43 மாடி டிவிட் செஸ்ட்நட் குடியிருப்பில் அது முதலில் வெற்றி கண்டது. அடுத்து வந்த 100 மாடி ஜோன் ஹான்கொக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் பெரிய பெருக்கல் குறிகள் போல் தெரிபவை அலங்காரம் அல்ல. காற்றின் விசையை நிலத்துக்குக் கடத்தும் உருக்குச் சட்டங்கள். ஒரு சதுர அடிக்குச் சுமார் 30 இறாத்தல் உருக்கே அதற்குப் போதுமாக இருந்தது. எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு 40 இறாத்தலுக்கு மேல் தேவைப்பட்டது.

கட்டடம் விழாது என்று கணக்கு உறுதி சொல்லிவிட்டது. ஆனாலும் மேல்மாடியில் வசிப்பவர்கள் அதன் ஆட்டத்தை உணர்ந்து அஞ்சுவார்களா என்பதையும் அவர் அறிய விரும்பினார். ஆகவே அசையும் தளத்தில் ஆட்களை நிற்கவும் இருக்கவும் படுக்கவும் வைத்துச் சோதித்துப் பார்த்தார். இந்தச் செய்தியை வாசித்த பிறகுதான் அவர் மீது எனக்கு மரியாதை இரட்டிப்பானது. ஒன்பது குழாய்களை ஒன்றாகக் கட்டியது போன்ற 110 மாடி சியர்ஸ் கோபுரம் 1974இல் நிறைவுற்றது. 442 மீற்றர் உயரம். 1998 வரை உலகின் மிக உயரமான கட்டடம் அதுவே.

உயரத்துக்குப் பெயர் பெற்றவர் பின்பு ஹாஜிகளுக்காகத் தாழ்வாகவும் விரிவாகவும் ஒன்றைச் செய்தார். 1981இல் திறக்கப்பட்ட ஜித்தா ஹஜ் முனையத்தில் 210 கூடாரங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 45 மீற்றர். சூடான காற்று மேலேயுள்ள திறப்பினூடே வெளியேறிவிடும். மறுவருடம் மார்ச் 27ஆம் திகதி, அதே ஜித்தா நகரில் மாரடைப்பால் அவர் காலமானார். 53 வயதாவதற்கு ஒரு வாரம் இருந்தது. ஜனாஸா சிகாகோவில் அடக்கம் செய்யப்பட்டது.

பொம்பிளைப் பிள்ளை கட்டட வேலைத்தளத்தில் எப்படி நிற்பாள் என்று எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு நடக்கிறது. வாப்பாவுக்கு நான் இந்த மனிதரின் கதையை முழுதாகச் சொன்னேன். கடைசியில், அவருடைய மகள் யாஸ்மினும் கட்டமைப்புப் பொறியியலாளர்தான் என்றேன். வாப்பா ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிட்ட பிறகு, மொறட்டுவைக்குப் போன முறை எத்தனை இசட் புள்ளி தேவைப்பட்டது என்று கேட்டார்.