சேர்வராயன் மலையும் காக்பர்ன் துரையும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்வோர் இக்காலத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகளை மோட்டார் வண்டியில் களிப்போடு கடந்து மலைமேற் செல்கின்றனர். வண்டி ஏறும் பாதை இல்லாத நாளில் அம்மலைமேல் காப்பிச் செடியைக் கொண்டு சென்றவர் யாவர் என்று அவருட் பலர் வினவுவதில்லை. ஏற்காட்டின் தந்தை என வழங்கப்பெறும் மாண்டேகு டண்டாஸ் காக்பர்ன் துரையே அவர். அவரது சரிதத்தை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றோம்.

திப்பு சுல்தானிடமிருந்து 1792-இல் கும்பினியார் பெற்ற நாட்டில் சேலமும் அடங்கும். ஸ்காத்லாந்து வமிசத்தினராகிய இத்துரை 1820 முதல் 1829 வரை அச்சேலம் ஜில்லாவின் கலெக்டராக விளங்கினார். அந்நாளில் கலெக்டர் பதவி குறுநில மன்னர் பதவியை ஒத்ததே. வரி தண்டுதலும் போலீசும் மாஜிஸ்திரேட்டு அதிகாரமும் ஒருவர் கையிலேயே குவிந்திருந்தன. குடிகள் வாக்களித்துத் தேர்ந்த சபை எதுவும் இல்லை. துரை விரும்பியதே நடந்தது. நல்வினைப் பயனாக இத்துரை விரும்பியது மரம் நடுதல்.

பாபாபூதன் மலையில் காப்பி முன்னரே பயிராகி வந்தது. ஏறத்தாழ 5,000 அடி உயரமுள்ள ஏற்காட்டிலும் அது தழைக்கும் என்று கருதிய துரை, காப்பியோடு பேரி, ஆப்பிள் முதலியவற்றையும் அங்கே பயிராக்கினார். அவர் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் கிரேஞ்சு தோட்டம் இன்றும் உளது. இவற்றுள் காப்பியே அம்மலைக்கு வாழ்வாயிற்று. காப்பிப் பழத்தைப் பறித்தபின் தாழ்க்காமல் தோலுரித்தல் வேண்டும். இன்றேல் புளித்துக் கெடும். ஆதலின் தோலுரிக்கும் இரும்புப் பொறி தோட்டத்திலேயே நிற்பது நலம். வண்டிப் பாதையற்ற மலையில் அத்தகைய பொறி ஆள் தோளிலோ மாட்டு முதுகிலோதான் ஏறவேண்டும். விளைந்த கொட்டையும் அவ்வாறே இறங்கவேண்டும். துரைமக்களோ குதிரையிலும் டோலியிலும் ஏறினர். டோலி சுமந்தவர் பெயரை எந்தச் சரிதமும் கூறக் காணோம்.

அம்மலைக்கு உரியோர் மலையாளிகள் என்னும் குடியினர். கேரள நாட்டாரை இவரென மயங்கற்க. தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தனர் என்பது இவர்தம் வழக்கு. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்து, சேர்வராயனைத் தொழுது, பட்டக்காரர் சொற்கேட்டு இவர்கள் வாழ்ந்தனர். துரை நட்டது சிறு தோட்டமே. அவர் பின்வந்த தோட்ட முதலாளிகளோ காடு திருத்தி வேலியிட்டனர். உழுது உண்டவர் பலர் கூலியாட்களாயினர். துரையைப் புகழுங்கால் இதனையும் உடன் எண்ணுதலே நீதி என்பது எம் கருத்து. இன்று தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளுள் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டவை 2; அவற்றுள் ஏற்காடு ஒன்று. மஞ்சக்குட்டை போன்ற சிற்றூர்களிலும் மக்கள் வாக்களித்தே ஊராட்சித் தலைவரைத் தேர்கின்றனர். காக்பர்ன் துரை இதனைக் கனவினும் கண்டிரார்!

துரையின் பிற்கால வாழ்வு நீலகிரிச் சார்பில் கழிந்தது. கோத்தகிரிப் பக்கத்திலும் அவர் காப்பி பயிராக்கினார். 1829-இல் சேலத்தில் பிறந்த அவர் மகளார் மார்கரெட் அம்மையார் அங்கே தேயிலைத் தோட்டம் அமைத்தார். மலைப் பறவைகளையும் மலர்களையும் வண்ண ஓவியமாகத் தீட்டினார். படகர் நலத்திற்கும் உழைத்து, 1928-இல் முதிர்ந்த வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் தீட்டிய ஓவியங்கள் இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் பேணப்பட்டு வருகின்றன.