பார்க் தெருக் கல்லறையில் ஓர் இளம் ஆசிரியர்

கொல்கத்தா மாநகரின் ஆரவாரம் மிக்க வீதிகளுள் ஒன்று பார்க் தெரு. இன்று அதற்கு அன்னை தெரேசாவின் பெயர் வழங்குகிறது. முற்காலத்தில் அதனை இடுகாட்டுச் சாலை என்றே அழைத்தனர். கம்பெனியார் காலத்தில், 1767ஆம் ஆண்டில் ஏற்பட்ட கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டமொன்று அங்குளது. வெளியே வண்டிகளின் ஓசை ஓயாதிருக்க, மதிலைக் கடந்து உட்புகுவோர்க்கு வேறோர் உலகம் தோன்றும். பாசி படர்ந்த கூர்ங்கோபுரங்களும், தூண் மண்டபங்களும், கவிந்த மாடங்களும் மரநிழலில் நெருங்கி நிற்கின்றன. வடமொழிப் புலமையால் புகழெய்திய ஸர் வில்லியம் ஜோன்ஸின் நினைவுக் கோபுரம் யாவற்றினும் ஓங்கி நிற்பது. ஆயினும் கல்லூரி வாழ்வினர் தேடிச் சென்று காணத்தக்க கல்லறை வேறொன்று உண்டு. அஃது இருபத்திரண்டு வயதிலேயே மறைந்த ஹென்றி லூயிஸ் விவியன் டெரோஸியோ என்னும் ஆசிரியருடையது.

டெரோஸியோ 1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். போர்த்துகேசிய மரபும் இந்திய மரபும் கலந்த குடும்பம் அவருடையது. டேவிட் டிரம்மண்டு என்னும் ஸ்காத்லாந்தியர் தர்மதலாவில் நடத்திய பள்ளியிற் பயின்றார். பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது. சிறிது காலம் கணக்கெழுதும் வேலை பார்த்து, பின்னர்ப் பாகல்பூரில் தம் உறவினரின் அவுரித் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே கங்கைக் கரையில் அவர் உள்ளத்திற் கவிதை ஊற்றெடுத்தது. 1827இல் முதற் கவிதைத் தொகுதியும், மறு ஆண்டில் ஜங்கீராவின் பக்கிரியைப் பற்றிய நெடும்பாட்டும் வெளிவந்தன. ஆங்கிலத்தில் எழுதினாரேனும், இந்தியாவையே தாய்நாடெனப் போற்றி, அதன் பழம்பெருமை குன்றியதற்கு வருந்திப் பாடினார்.

1826இல் இந்து கலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்தபோது அவருக்கு வயது பதினேழே. மாணாக்கர்க்கும் அவருக்கும் வயதில் வேற்றுமை சிறிது. வகுப்பறையோடு அவர் பணி நிற்கவில்லை. 1828இல் ஒரு விவாத சங்கத்தை நிறுவினார். விதி, மனவுரிமை, அறம், தேசபக்தி, கடவுள் உண்மை முதலியன அங்கே ஆராயப்பட்டன. ஐயவாதியான ஹியூமின் நியாயங்களை எடுத்துரைத்தால், அவற்றை மறுத்த ரீடு, ஸ்டூவர்ட் ஆகியோரின் நியாயங்களையும் உடன் எடுத்துரைப்பார். முடிவு காணும் பொறுப்பை மாணாக்கரிடமே விடுவார்.

அம் மாணாக்கருட் சிலர் அறிவின் வேகத்தில் அடக்கத்தை மறந்தனர். விலக்கப்பட்ட உணவை வேண்டுமென்றே உண்டனர். முன்னோர் வழக்கங்களை இகழ்ந்தனர். பெற்றோர் அஞ்சினர், பிள்ளைகள் பலர் கலாசாலையினின்றும் நிறுத்தப்பட்டனர். பழி ஆசிரியர்மேல் விழுந்தது. 1831 ஏப்ரலில் நிர்வாகிகள் கூடினர். அவர் கற்பிக்கத் தகாதவர் என்று தீர்ப்பதற்குப் பெரும்பாலோர் இசைந்திலர். எனினும் ஊரார் மனக்கொதிப்பை எண்ணி அவரை நீக்குவதே நலமெனத் துணிந்தனர். அவரை அழைத்து ஒரு வார்த்தையும் கேட்டிலர். டெரோஸியோ தாமே விலகினார். கடவுளை மறுக்கக் கற்பித்ததாகவும், பெற்றோர்க்குக் கீழ்ப்படியாதிருக்கத் தூண்டியதாகவும் எழுந்த குற்றச்சாட்டுகளைத் தெளிவாக மறுத்து வில்ஸன் துரைக்கு ஒரு கடிதம் வரைந்தார். இருபக்க நியாயங்களையும் காட்டுதல் ஆசிரியர் கடமை என்பதே அதன் சாரம்.

வேலையிழந்தும் அவர் சோர்ந்திலர். தம் சமூகத்தாரின் நலங்கருதி 'ஈஸ்ட் இந்தியன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். ஆயின் அவ்வாண்டு முடியுமுன்னரே வாந்திபேதி கண்டு, டிசம்பர் 26ஆம் நாள் உயிர்நீத்தார். அவரை விட்டுப் பிரியாத மாணாக்கர் நோய்ப்படுக்கையின் அருகிருந்தனர்.

அவர் பயிற்றியது எத்தகையது என்பதற்கு அம் மாணாக்கரின் பிற்கால வாழ்வே சான்று. கிருஷ்ண மோகன் பானர்ஜி 1832இல் ஞானஸ்நானம் பெற்று, பின்னர்க் குருவானார். ராம்தனு லாஹிரி பிரம்ம சமாஜத்தைச் சார்ந்து, நல்லாசிரியராய் விளங்கினார். ராதாநாத் சிக்தார் எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தைக் கணித்தறிந்தார். பியாரி சந்த் மித்ரா வங்க உரைநடைக்கு எளிமை தந்தார். ஒருவர் சென்ற வழியில் மற்றவர் சென்றிலர். ஒரே முடிவைப் புகட்டிய ஆசிரியருக்கு இவ்வாறு பலதிறப்பட்ட மாணாக்கர் வாய்த்திரார்.

அக் கல்லறையின் முன் நிற்கும்போது இரு திறத்தார்க்கும் ஒரு பாடம் உண்டு. மாணாக்கர் துடுக்கின் பயனை ஆசிரியரே சுமக்க நேர்ந்ததென்பதை மாணவர் நினைவிற் கொள்க. விசாரியாது தீர்ப்பளித்த கலாசாலையின் நிர்வாகிகளைவிட, அவர்களால் இழக்கப்பட்ட இளைஞனையே உலகம் இன்று நினைக்கிறதென்பதைப் பெரியோர் நினைவிற் கொள்க.