ஆல்ப்ஸ் மலை ஊரில் நேதாஜி: பாட்காஸ்டைனில் எழுதிய சுயசரிதையும் எழுதாமல் விட்ட திருமணமும்

1937 டிசம்பரில் ஆஸ்திரியாவில் எடுத்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. இணையத்தில் தேடினால் உடனே கிடைக்கும். நடுவில் சுபாஷ் சந்திர போஸ். அவரைச் சுற்றி நான்கு பேர்: கேரளத்தைச் சேர்ந்த பத்திரிகையாளர் ஏ.சி.என். நம்பியார், ஹைடி ஃபுலோப்-மில்லர் என்ற தோழி, போஸின் அண்ணன் மகன் அமியா, அப்புறம் 27 வயது எமிலி ஷெங்கல். ராணுவச் சீருடை கிடையாது, மேடை கிடையாது. ஒரு குடும்பம் விடுமுறைக்கு மலைக்குப் போய் எடுத்துக்கொண்ட படம் மாதிரிதான் இருக்கும்.

உண்மையில் அது கிட்டத்தட்ட அப்படித்தான். அந்த ஊர் பாட்காஸ்டைன். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்கு நடுவிலேயே அருவி விழும். ரேடான் கலந்த வெந்நீர் ஊற்றுகள் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையில், பேரரசர்கள் காலத்திலிருந்தே ஐரோப்பியர்கள் அங்கே போய்த் தங்குவார்கள். நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால், குற்றாலத்தையும் கொடைக்கானலையும் சேர்த்துப் பார்க்கலாம்.

போஸ் அங்கே எப்படி வந்தார்?

உடம்புதான் முதல் காரணம். சிறையில் உடல்நிலை மோசமாகிப்போன போஸை, சிகிச்சைக்காக ஐரோப்பா போகலாம் என்று பிரிட்டிஷ் அரசு 1933 பிப்ரவரியில் கப்பல் ஏற்றிவிட்டது. விடுதலை என்று சொன்னாலும் அது நாடுகடத்தல்தான். வியன்னாவில் மருத்துவம் பார்த்தார். 1935 ஏப்ரலில் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் வயிற்று உபாதை முழுசாக விடவில்லை. வெந்நீர் ஊற்று ஊர்களை அவர் தேடிப் போனது அதனால்தான். 1936 மார்ச்சில் பாட்காஸ்டைனில் குர்ஹவுஸ் ஹோக்லாண்ட் என்ற விடுதியில் தங்கியிருந்தார்.

இந்த இடைவெளியில்தான் எமிலி வந்தார். லண்டன் பதிப்பகம் ஒன்று இந்திய விடுதலைப் போராட்டம் பற்றிப் புத்தகம் கேட்டிருந்தது. ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் தெரிந்த உதவியாளர் தேவைப்பட்டார். 1934 ஜூனில் எமிலி அந்த வேலைக்குச் சேர்ந்தார். வியன்னாவின் நடுத்தரக் கத்தோலிக்கக் குடும்பம், அப்பா கால்நடை மருத்துவர். முன்பின் தெரியாத இந்தியரிடம் மகள் வேலைக்குப் போவது ஆரம்பத்தில் அவருக்குப் பிடிக்கவில்லை. வேலை காதலாக மாற ரொம்ப நாள் ஆகவில்லை.

1936 ஏப்ரலில் போஸ் பம்பாயில் இறங்கியதுமே கைது. அடுத்த மார்ச்சில்தான் விடுதலை. அந்தக் கோடையில் டல்ஹௌசி மலையில் டாக்டர் தர்மவீர் குடும்பத்தோடு சில மாதங்கள் தங்கி உடம்பைத் தேற்றினார். அங்கிருந்தபடியே எமிலிக்குக் கடிதங்கள் போயின. தன் தபாலைப் போலீஸ் பிரித்துப் படிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதனால் கடிதங்களில் எமிலி பெரும்பாலும் மிஸ் ஷெங்கல்தான். அலுவலக மெயில் போல ஆரம்பித்து, நடுவில் உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி.

பத்து நாளில் ஒரு புத்தகம்

1937 நவம்பரில் போஸ் விமானத்தில் ஐரோப்பா திரும்பினார். நேராகப் பாட்காஸ்டைன். எமிலியும் வந்து சேர்ந்தார். கிட்டத்தட்ட ஒன்றரை மாதம். போஸின் வாழ்க்கையில் சிறையோ கூட்டமோ தலைமறைவோ இல்லாமல், பிடித்தவர்களோடு ஓரிடத்தில் இருந்த நாட்களை எண்ணினால் இதற்குத்தான் முதலிடம் தருவேன்.

சும்மா இருந்தாரா என்றால் இல்லை. டிசம்பரில் பத்தே நாளில் சுயசரிதையின் பத்து அத்தியாயங்களை எழுதி முடித்தார். கட்டக்கில் பிறந்தது, பள்ளி, கேம்பிரிட்ஜ், ஐ.சி.எஸ். வேலையை உதறியது என்று கதை 1921-இல் நின்றுவிடுகிறது. கடைசி அத்தியாயத்தில் தன் தத்துவ நம்பிக்கையைச் சொல்கிறார். உண்மையின் சாரம் அன்பு என்பதுதான் அவர் அங்கே வந்து சேரும் இடம். எழுதிய காலத்தில் எமிலி கூடவே இருந்தார். கதை 1921-ஐத் தாண்டாததால் புத்தகத்தில் அவருக்கு இடமில்லை. மீதியை எழுதப் போஸுக்கு நேரம் கிடைக்கவே இல்லை.

அதே டிசம்பர் 26-ஆம் தேதி, அதே ஊரில், தாங்கள் ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டதாக எமிலி பிற்காலத்தில் ஆய்வாளர்களிடம் சொன்னார். பாதிரியார் இல்லை, பதிவு இல்லை. ஆவணம் இல்லாததால் தேதி பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. திருமணமே நடக்கவில்லை என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள்.

ஏன் ரகசியம்?

அடுத்த காங்கிரஸ் தலைவர் போஸ்தான் என்பது அப்போதே ஏறக்குறைய முடிவாகியிருந்தது. 1938 ஜனவரியில் லண்டனில் இருந்தபோது அறிவிப்பு வந்தது. நாட்டுக்காகவே வாழும் பிரம்மச்சாரி என்ற பிம்பத்தின் மேல் நின்றவர் அவர். வெளிநாட்டு மனைவி என்ற செய்தியை எதிரிகள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று யோசித்திருப்பார். இன்னொரு பக்கம், 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். நாஜிகளின் இனச் சட்டங்கள் அமலுக்கு வந்த பிறகு இப்படி ஒரு ஜோடி வெளிப்படையாகப் பதிவு செய்வதே சிக்கல். காரணங்கள் புரிகின்றன. ஆனால் அந்த ரகசியத்தைச் சுமந்தவர் போஸ் மட்டும் இல்லையே. அவருக்கு மேடை இருந்தது. எமிலிக்கு வியன்னாவில் ஒரு வீடும் பதில் சொல்ல முடியாத கேள்விகளும்தான் இருந்தன.

1941-இல் போஸ் கல்கத்தாவிலிருந்து தப்பி பெர்லின் வந்தபோது இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 1942 நவம்பர் 29 அன்று வியன்னாவில் மகள் அனிதா பிறந்தாள். குழந்தைக்கு மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1943 பிப்ரவரி 8 அன்று போஸ் கீல் துறைமுகத்தில் ஜெர்மன் நீர்மூழ்கியில் ஏறினார். அன்றைய தேதியிட்டு அண்ணன் சரத்துக்கு வங்காளியில் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். எனக்கு மனைவியும் மகளும் உண்டு, எனக்குப் பிறகு அவர்களைப் பார்த்துக்கொள் என்பதுதான் சாரம்.

அந்தமானில் மூன்று நாட்கள்

சென்னையிலிருந்து போர்ட் பிளேயருக்கு டூர் போனவர்களுக்கு அடுத்த காட்சி தெரிந்திருக்கும். 1943 டிசம்பர் 29 அன்று போஸ் அங்கே வந்து இறங்கினார். மறுநாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடி ஏற்றினார். பாட்காஸ்டைன் திருமண நாளிலிருந்து ஆறு வருடம், நான்கு நாள்.

கொடி ஏறினாலும், போர்ட் பிளேயர் தொடங்கி சௌல்தாரி மாதிரி உள்ளூர்க் கிராமங்கள் வரை தெற்கு அந்தமானில் அதிகாரம் ஜப்பான் ராணுவத்திடம்தான் இருந்தது. செல்லுலார் சிறையைப் போஸுக்குச் சுற்றிக் காட்டினார்கள். அப்போது அதற்குள்ளேயே ஜப்பானியரின் சித்திரவதையில் இந்தியர்கள் கிடந்தார்கள். அது அவர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. அவர்களில் ஒருவரான மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங், போஸ் கிளம்பி இரண்டே வாரத்தில், 1944 ஜனவரி 14 அன்று இறந்தார். ஜனவரி 30 அன்று ஹம்ஃப்ரேகஞ்சில் 44 இந்தியர்கள் உளவாளிகள் என்ற பெயரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தீவுகளின் நிர்வாகத்துக்குப் போஸ் அனுப்பியவர் ஆற்காடு துரைசாமி லோகநாதன் என்ற தமிழ் ராணுவ மருத்துவர். கல்வித் துறையைத் தாண்டி அவரிடம் ஜப்பானியர்கள் பெரிதாக எதையும் ஒப்படைக்கவில்லை. போலீஸைத் தரவே இல்லை. உடல்நலமும் கெட்டு, சில மாதங்களில் அவர் திரும்பிவிட்டார். போர்ட் பிளேயரில் செல்ஃபி எடுக்கும்போது இந்தப் பாதிக் கதையும் நினைவில் இருந்தால் நல்லது.

எமிலிக்கு என்ன ஆயிற்று?

1945 ஆகஸ்ட் 18 அன்று தைபேயில் விமான விபத்து. இரண்டரை வயதைத் தாண்டிய மகளோடும் வயதான தாயோடும் எமிலி வியன்னாவில் இருந்தார். போருக்குப் பிறகுதான் அவர்களைப் பற்றிய செய்தி சரத் போஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 1948-இல் அவர் குடும்பத்தோடு வியன்னா வந்து இருவரையும் தங்கள் வீட்டுப் பெண்களாக ஏற்றுக்கொண்டார். 1954-இல் அனிதாவுக்காக 2 லட்சம் ரூபாயில் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. அறங்காவலர்களில் ஒருவர் ஜவஹர்லால் நேரு. காங்கிரஸில் போஸோடு அவருக்கு இருந்த உரசலை மட்டும் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

எமிலி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து மகளைப் படிக்க வைத்தார். அனிதா பொருளாதாரப் பேராசிரியர் ஆனார். இளம் வயதிலேயே இந்தியாவுக்கும் வந்து போனார். எமிலி கடைசிவரை இந்தியா வரவில்லை. 1996 மார்ச்சில் அவர் இறந்தபோது வயது 85.

போஸின் நினைவாக 2018 டிசம்பர் 30 அன்று அந்தமானின் ராஸ் தீவுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பாட்காஸ்டைனில் அருவி இன்னும் ஊருக்கு நடுவில்தான் விழுகிறது.