எண்ணெயையும் எரிக்கும் எஞ்சினைத் தந்தவர்

சுழல் எஞ்சினைக் கண்டுபிடித்த ஜெர்மானியர் பெலிக்ஸ் வாங்கெல் எந்த இன்ஜினீயரிங் கல்லூரியிலும் படித்தவரல்லர். பார்வை மங்கலானதால் கார் ஓட்டும் லைசென்சும் அவரிடம் இருந்ததில்லை. அப்படிப்பட்டவர் உலகின் பெரிய மோட்டார் கம்பெனிகளைத் தம்மைத் தேடி வரச் செய்தார். அவருடைய எஞ்சினுக்கு எந்த ஆயிலை ஊற்றுவது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதன் காரணம் அவர் வாழ்நாளெல்லாம் போராடிய ஒரு பிரச்னையில் இருக்கிறது.

1902 ஆகஸ்ட் 13-ந் தேதி லார் என்னும் ஊரில் பிறந்தார். காட்டிலாகா அதிகாரியான தந்தை 1914-ல் முதல் உலகப் போரில் மாண்டார். மேல்படிப்புக்குப் பணமில்லை. 1921-ல் பள்ளியை விட்டவர், ஹைடல்பர்க் நகரில் ஒரு புத்தகப் பதிப்பகத்தில் வேலை பழகச் சேர்ந்தார். 1924-ல் அந்த ஊரிலேயே சிறு பட்டறை ஒன்று வைத்தார். வேலை பதிப்பகத்தில், மனமோ பட்டறையில். 1926-ல் பதிப்பக வேலை முடிந்தது. 1929-ல் முதல் பேட்டண்ட் கிடைத்தது.

சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்த ஓட்டம் பிறகு சுழற்சியாக மாற்றப்படுகிறது. முதலிலேயே சுழல விட்டால் என்ன என்பது வாங்கெல்லின் எண்ணம். மூன்று மூலையுள்ள சுழலி, நடுவில் சற்றே ஒடுங்கிய கூட்டுக்குள் சுற்றுகிறது. வால்வு இல்லை, அதிர்வும் குறைவு. ஆனால் மூன்று மூலைகளும் சுவரை உரசிக்கொண்டே போக வேண்டும். அழுத்தம் கசியவும் கூடாது. அதற்காக ஒவ்வொரு மூலையிலும் பொருத்தும் மெல்லிய பட்டைக்குச் சீல் என்று பெயர். அந்தச் சீலே அவருடைய வாழ்நாள் ஆராய்ச்சி ஆயிற்று.

அவர் வாழ்வில் மறைக்கக் கூடாத கறை ஒன்றுண்டு. 1920-களின் தொடக்கத்திலேயே ஹிட்லரின் இயக்கத்தில் சேர்ந்தவர் அவர். 1932-ல் வட்டாரத் தலைவரோடு மோதி வெளியேறினார்; 1933-ல் சில மாதங்கள் சிறையிலிருந்தார். எனினும் பின்னர் அதே ஆட்சியின் விமான இலாகாவுக்காக லிண்டாவ் நகரில் போர் விமான எஞ்சின் வேலை செய்தார். 1945-ல் பிரெஞ்சுப் படையினர் அவரைக் கைது செய்தனர். ஆராய்ச்சிக் கூடமும் கை நழுவியது.

1951-ல் என்.எஸ்.யு. என்னும் மோட்டார் சைக்கிள் கம்பெனி அவருக்குக் கை கொடுத்தது. 1957 பிப்ரவரி முதல் தேதி அவருடைய எஞ்சின் ஓடியது. 1964-ல் ஸ்பைடர் கார், 1967-ல் ரோ 80 என்னும் பெரிய கார் வந்தன. ரோ 80-க்கு 1968-ம் ஆண்டின் சிறந்த கார் என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் சீல்கள் தேய்ந்தன. காரண்டிக்கு உட்பட்டு எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தே கம்பெனி இளைத்தது; 1969-ல் வோக்ஸ்வாகன் குடும்பத்தில் கலந்தது. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா கம்பெனியின் இன்ஜினீயர் கெனிச்சி யமமோட்டோவும் தோழர்களும் அதே தொல்லையைச் சந்தித்தனர். சுவரில் விழுந்த கீறல்களுக்குச் சாத்தானின் நகக்குறி என்று பெயரிட்டனர். கரியும் அலுமினியமும் சேர்ந்த சீலால் அதை வென்று, 1967-ல் காஸ்மோ காரை விற்பனைக்கு விட்டனர்.

இங்கேதான் ஆயில் வருகிறது. சீல் காய்ந்து உரசினால் தேய்ந்துவிடும். எனவே ஒரு சிறு பம்பு எஞ்சின் ஆயிலைத் துளித்துளியாக உள்ளே செலுத்துகிறது. அது சீலுக்கு வழவழப்பு தந்துவிட்டு, பெட்ரோலோடு எரிந்து போகிறது. பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டருக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றியவர்களுக்கு இது புதிதல்ல. ஆகவே இந்தக் காரில் ஆயில் குறைவது தானாகவே கோளாறு ஆகாது. குச்சியை அடிக்கடி எடுத்துப் பார்க்காமலிருப்பதுதான் கோளாறு.

எரியும் ஆயில் சாம்பலோ கரியோ அதிகம் விட்டால், சீல் தன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு அசையாது. அழுத்தம் கசியும், எஞ்சின் போயிற்று. சுழலியின் உள்ளே பாய்ந்து சூட்டைத் தணிப்பதும் இதே ஆயில்தான். எனவே ஒரே ஆயில் சூட்டைத் தாங்கவும் வேண்டும், சுத்தமாக எரியவும் வேண்டும். இதனால்தான் வாதம். சிந்தெடிக் ஆயில் சரியாக எரியாது என்று பலர் சாதாரண மினரல் ஆயிலோடு நின்றனர். ஜப்பானின் இடெமிட்சு கம்பெனியோ சுழல் எஞ்சினுக்கென்றே சிந்தெடிக் ஆயில் தயாரித்தது. மாஸ்டா ஆர்.எக்ஸ்.-8 காருக்கு அமெரிக்காவில் சொன்ன ஆயில் எண் வேறு, ஐரோப்பாவில் சொன்னது வேறு. விலை அதிகமான டின் என்பதால் அது சரியான ஆயிலாகிவிடாது. காரோடு வந்த புத்தகம் சொல்வதை ஊற்றி, தவணை தவறாமல் மாற்றுவதே முறை. குறுகிய தூரமே ஓடும் காருக்கு இது இன்னும் முக்கியம். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும்.

கல்லூரிக்குப் போக வழியில்லாமலிருந்தவருக்கு 1969-ல் மியூனிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1971-ல் அவருடைய கம்பெனி 10 கோடி மார்க்குக்கு விலை போயிற்று. பிராணிகளைக் காக்கும் ஆராய்ச்சிக்கென்று ஒரு பரிசையும் ஏற்படுத்தினார். 1988 அக்டோபர் 9-ந் தேதி காலமானார். 1991-ல் பிரான்சின் 24 மணி நேர லெமான் பந்தயத்தில் மாஸ்டாவின் சுழல் எஞ்சின் கார் முதலாவதாக வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. நம் நாட்டிலும் 2009-ல் கோலார் அருகே நிஷாந்த் என்னும் ஆளில்லா விமானம் உள்நாட்டிலேயே தயாரான வாங்கெல் எஞ்சினால் பறந்தது.

அந்தமான் தீவுகளில் நம்மவர் கையாள்வது சுழல் எஞ்சின் அல்ல. டோங்கி எஞ்சினும் ஸ்கூட்டரும் ஜீப்பும்தான். ஆனால் எஞ்சினுக்குள் எது எதோடு உரசுகிறது, அங்கே ஆயில் என்ன வேலை செய்கிறது என்று அறிந்த பிறகே டின்னைத் திறக்க வேண்டும் என்பது அவற்றுக்கும் பொருந்தும். டூ ஸ்ட்ரோக்குக்கு உரியதை ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஊற்றினால், மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு பட்டறையில் எண்ணி வைக்க நேரும்.