இரமண மகரிஷி

மனிதனைப் பிணிக்கும் தளைகள் பல. அரசு இடும் தளை உண்டு. சாதியும் செல்வமும் இடும் தளைகளும் உண்டு. இவை யாவற்றினும் வலியது அச்சம் என்னும் தளை. அதனை இளமையிலேயே அறுத்தெறிந்தவர் இரமண மகரிஷி.

இவர் 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தார். தந்தையார் சுந்தரம் ஐயர், தாயார் அழகம்மாள். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். பன்னிரண்டாம் வயதில் தந்தையை இழந்து, மதுரையில் சிற்றப்பன் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார்.

1896-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒருநாள், நோய் ஏதுமின்றியே சாவச்சம் அவரைப் பற்றியது. பதினாறு வயதுச் சிறுவராகிய அவர் அஞ்சி ஓடினாரல்லர். எவரையும் துணைக்கு அழைத்தாருமல்லர். பிணம்போலக் கிடந்து, அழிவது உடலே, நான் யார் என்று உள்ளத்துள் ஆராய்ந்தார். அச்சம் அன்றே அகன்றது.

ஆறு வாரங்களுக்குப் பின், தமையனாரின் கல்லூரிக் கட்டணத்துக்குரிய ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வெளியேறினார். அக்கடிதத்தில் கையொப்பம் இல்லை. செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தவர், பின்னர் அவ்வூரை விட்டு நீங்கவே இல்லை.

மலைமேல் விரூபாட்ச குகையில் பல்லாண்டுகள் வாழ்ந்தார். அவரைக் காண வருவோரிடம் அக்குகைக்கு உரிய மடத்தார் கட்டணம் பெறத் தொடங்கினர். அவர் எவரோடும் வழக்காடவில்லை. குகையை விட்டு வேறிடம் சென்றார். கட்டணமும் நின்றது.

1922-இல் மறைந்த அன்னையின் சமாதியைச் சூழ்ந்து மலையடிவாரத்தில் இரமணாசிரமம் வளர்ந்தது. 1924-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் இரவு அங்கே கள்வர் புகுந்தனர். விரும்பியதை எடுத்துக்கொள்ளுமாறு கூறி, மகரிஷி வெளியே வந்தார். அப்பொழுது அவருடைய தொடையில் அடி விழுந்தது. சினந்து எழுந்த சீடரை அவர் தடுத்தார். பல் நாவைக் கடித்தால் பல்லைத் தகர்ப்பார் உண்டோ என்பது அவர் கருத்து. அஞ்சிப் பணிவது அடிமைத்தனம். சினத்துக்கு ஆட்படுவதும் அடிமைத்தனமே. அவர் இரண்டினின்றும் நீங்கி நின்றார்.

ஆசிரமத்துக்கு மன்னரும் வந்தனர், வறியவரும் வந்தனர், அயல்நாட்டாரும் வந்தனர். தமக்கெனச் சிறப்புணவு எதனையும் அவர் ஏற்றதில்லை. யாவருக்கும் பகிர்ந்த பின்னரே உண்டார். பசுவையும் குரங்கையும் அணிலையும் அன்புடன் பேணினார்.

நாடு விடுதலை பெற்றதைக் கண்ட அவர், 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் மறைந்தார். நாட்டு விடுதலை பலர் கூடிப் பெறுவது. உள்ளத்தின் விடுதலையை ஒவ்வொருவரும் தாமே தேடிப் பெறுதல் வேண்டும். இவ்வுண்மையை அவர் தம் வாழ்க்கையாலேயே உணர்த்திச் சென்றார்.