வைக்கோற்போர்த் தீ

பொறுமைக்கு நிலத்தை உவமையாகக் கூறுதல் நம் முன்னோர் மரபு. அகழ்வாரையும் தாங்கும் அந்நிலமே ஒருநாள் நடுங்கத் தொடங்குமாயின், மக்கள் செய்வதறியாது திகைப்பர். நில நடுக்கம் வரும் நாளையும் நேரத்தையும் முன்னரே கணித்துக் கூறும் ஆற்றல் மனிதனுக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆயினும், அது வந்தபோது என்ன செய்ய வேண்டும் என்பதை முன்னரே கற்றுக்கொள்ளலாம். அக்கல்வி எத்துணை உயிர்களைக் காக்கும் என்பதற்குச் சான்றாக விளங்குவது ஹமகுச்சி கோரியோ என்னும் ஜப்பானியப் பெரியாரின் வாழ்க்கை.

கோரியோ 1820ஆம் ஆண்டில், இன்றைய வாக்கயாமா மாநிலத்தைச் சார்ந்த ஹிரோ என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பத்தார் ஜப்பானின் கிழக்குக் கரையிலுள்ள சோஷி என்னும் ஊரில் சோயாச் சாறு வடிக்கும் தொழிலை வழிவழியாக நடத்திப் பெரும்பொருள் ஈட்டி வந்தனர். கோரியோவும் இளமையிலேயே அத்தொழிலில் பயிற்சி பெற்று, அதன் தலைமையை ஏற்றார். செல்வம் பெருகியபோதும் பிறந்த ஊரை அவர் மறந்தாரல்லர். 1852ஆம் ஆண்டில், தம்மைப் போன்ற நல்லோர் சிலருடன் கூடி, ஹிரோவின் இளைஞர்களுக்கு ஒரு கல்விச்சாலையை நிறுவினார். ஊரின் உண்மையான செல்வம் அதன் இளைஞர்களே என்பது அவருடைய கொள்கை.

ஜப்பான் தீவுகள் நில நடுக்கம் மிகுந்தவை. நிலத்தின் அடியில் பெரும்பாறைத் தட்டுகள் ஒன்றன்கீழ் ஒன்று மெல்ல நகர்ந்து அழுந்துகின்றன. அவ்வழுத்தம் தாங்க இயலாத அளவிற்கு மிகும்போது, தட்டுகள் திடீரென வழுக்கி விடுபடுகின்றன. அதனால் நிலம் குலுங்குகிறது. அந்நிகழ்ச்சி கடலின் அடியில் நேருமாயின், கடலடித் தரை உயர்ந்தும் தாழ்ந்தும் மேலுள்ள நீர் முழுவதையும் அசைத்துவிடுகிறது. அவ்வாறு எழுந்து கரையை நோக்கி வரும் பேரலையையே ஜப்பானியர் சுனாமி என்றனர். துறைமுக அலை என்பது அச்சொல்லின் பொருள்.

1854ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் காலையில் ஹிரோவில் நிலம் நடுங்கிற்று. கடலில் வழக்கத்திற்கு மாறான அலைவு தோன்றியதைக் கோரியோ கண்டார். உடனே ஊராரை மேட்டிலிருந்த ஹச்சிமான் கோயிலுக்கு அனுப்பினார். இரவு முழுவதும் தீங்கொன்றும் நேரவில்லை. மறுநாள் மக்கள் ஆறுதலுற்றுத் தத்தம் இல்லங்களுக்குத் திரும்பினர். அன்று பிற்பகலில், கிணற்று நீர் பெரிதும் குறைந்துவிட்டதாக ஊரார் இருவர் ஓடிவந்து கோரியோவிடம் தெரிவித்தனர். மாலை நான்கு மணியளவில், முன்னாள் நடுக்கத்தினும் கொடியதொரு நடுக்கம் உண்டாயிற்று. ஓடுகள் சிதறின; சுவர்கள் சாய்ந்தன. தென்மேற்குத் திசையில் பீரங்கி முழங்கினாற்போன்ற ஓசை கேட்டது. சிறிது நேரத்தில் கடல் ஊருக்குள் புகுந்தது.

மக்களை மேட்டிற்கு ஓடுமாறு ஏவிக்கொண்டிருந்த கோரியோவையும் அலை பற்றிக்கொண்டது. அவர் நீரில் தத்தளித்து, அரிதின் முயன்று ஒரு சிறு மேட்டை அடைந்தார். பின்னர்க் கோயிலை நோக்கிச் சென்றார். அங்குத் தந்தையைக் காணாத மக்களும், மக்களைக் காணாத தாயரும் கதறிக்கொண்டிருந்தனர். அதற்குள் இருளும் சூழ்ந்துவிட்டது.

கோரியோ வலிமை மிக்க இளைஞர் சிலரைத் தீப்பந்தங்களுடன் உடனழைத்துக்கொண்டு, உயிருடன் இருப்போரைத் தேடி இறங்கினார். வழியெங்கும் இடிந்த வீடுகளின் மரங்கள் குவிந்து கிடந்தன. அதற்குமேல் செல்ல இயலவில்லை. இருளில் அகப்பட்டோர் எத்திசையில் மேடு உள்ளது என்பதை எவ்வாறு அறிவர்? வயலோரத்தில் அறுவடைக்குப் பின் அடுக்கப்பெற்ற வைக்கோற்போர்கள் கோரியோவின் கண்ணிற் பட்டன. அவற்றுள் பத்துக்கு மேற்பட்ட போர்களுக்குத் தீ வைக்கச் செய்தார். அத்தீயின் ஒளியே கலங்கரை விளக்காயிற்று. அதனைக் கண்டு ஒன்பதின்மர் மேட்டை அடைந்து உயிர் பிழைத்தனர். அவர் கோயிலுக்குத் திரும்பிய சிறிது நேரத்தில் முன்னையவற்றினும் பெரியதோர் அலை வந்து, எரிந்துகொண்டிருந்த போர்களையும் வாரிக்கொண்டு சென்றது. முதல் அலை வடிந்ததெனக் கருதி வீட்டிற்குத் திரும்புவோரை அடுத்த அலை கொள்ளும் என்பதற்கு அதுவே சான்று.

பொழுது விடிந்தது. நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் இருந்த இடம் தெரியாமற் போயின. ஏறத்தாழ முப்பதின்மர் மாண்டனர். எனினும் ஊராருள் பெரும்பாலோர் பிழைத்திருந்தனர். கோரியோ அவர்களுக்கு அரிசி தேடித் தந்தார். தம் பொருளால் வீடுகள் கட்டிக் கொடுத்தார். உழவர்க்கும் மீனவர்க்கும் கருவிகள் வழங்கினார். ஆயினும் மக்களின் உள்ளத்தில் அச்சம் நீங்கவில்லை. பலர் ஊரைவிட்டே வெளியேற எண்ணினர்.

கோரியோ ஆழ்ந்து சிந்தித்தார். இத்தகைய அலை ஒரு தலைமுறையோடு முடிவதன்று; நூறாண்டு கழித்தும் வரும். ஆதலின் இன்றைய பசியைத் தீர்ப்பது மட்டும் போதாது. நாளைய குழந்தைகளையும் காத்தல் வேண்டும். அவ்வெண்ணத்தால், கடலுக்கும் ஊருக்கும் இடையே பெருங்கரையொன்று எழுப்பத் துணிந்தார். 1855ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பணி தொடங்கிற்று. இழந்த தொழிலுக்கு ஈடாக, ஊராருக்கே அப்பணியைத் தந்து நாள்தோறும் கூலி வழங்கினார். நான்கு ஆண்டுகளில், ஏறத்தாழ 600 மீட்டர் நீளமும் 5 மீட்டர் உயரமும் கொண்ட மண்கரை எழுந்தது. கடற்பக்கத்தில் பைன் மரங்கள் நடப்பெற்றன. செலவின் பெரும்பகுதி கோரியோவின் சொந்தப் பொருளே. நன்றி மிக்க மக்கள் அவரைத் தெய்வமாகப் போற்றிக் கோயில் எடுக்க முற்பட்டனர். அவரோ அதனை அறவே மறுத்துவிட்டார்.

பிற்காலத்தில் அவர் அரசின் அஞ்சல் துறைத் தலைவராகவும், வாக்கயாமா மாநில மன்றத்தின் முதல் தலைவராகவும் பணியாற்றினார். உலகைச் சுற்றிக் காண விழைந்து புறப்பட்டவர், 1885ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்தபின் பதினோராண்டு கழித்து, 1896இல் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் நிலம் மென்மையாகவே நடுங்கிற்று. அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என மக்கள் வாளா இருந்தனர். சற்று நேரத்தில் வந்த பேரலை ஏறத்தாழ 22,000 உயிர்களைக் கொண்டது. இத்துயரைக் கேட்ட லாஃப்காடியோ ஹெர்ன் என்னும் எழுத்தாளர், கோரியோவின் செயலை ஆங்கிலத்தில் கதையாக்கி 1897இல் வெளியிட்டார். கதையில் கோரியோ குன்றின்மேல் வாழும் முதியவராக வருகிறார்; தம் விளைச்சல் முழுவதையும் எரித்து, தீயணைக்க ஓடிவரும் மக்களைக் காக்கிறார். உண்மையில் அப்போது அவருக்கு வயது 34. எரிந்தவை வைக்கோற்போர்களே.

ஹிரோவின் அண்டை ஊரினரான நக்காய் சுனேசோ என்னும் ஆசிரியர், அக்கதையைச் சிறுவர்க்கேற்ற எளிய நடையில் எழுதினார். அது 1937 முதல் 1947 வரை ஜப்பானிய நாட்டுப் பாடநூலில் இடம்பெற்றது. எண்ணற்ற சிறுவர் அதனைப் படித்து, நிலம் நடுங்கினால் கடற்கரையை விட்டு மேட்டிற்கு ஓட வேண்டும் என்பதை உள்ளத்திற் பதித்துக்கொண்டனர்.

1946ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மீண்டும் பெருநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 4 மீட்டர் உயர அலை ஹிரோவைத் தாக்கிற்று. கோரியோவின் கரை அதனைத் தடுத்து, ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. கரையின் மறைவில் இல்லாத பகுதிகளிலோ உயிர்ச்சேதம் நேர்ந்தது. கரை எத்துணை வலியதாயினும் எல்லா இடத்தையும் காக்காது. மேட்டை நாடி ஓடும் அறிவு எவ்விடத்தும் உடன்வரும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் சுமத்திராவின் அருகே தோன்றிய பேரலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அப்போது நம் மக்களுள் பலர் சுனாமி என்னும் சொல்லையே கேட்டறியாதவர். கடலின் குறிகளை அறிந்திருந்தால், எத்தனையோ உயிர்கள் பிழைத்திருக்கும்.

ஆதலின் மாணவர் அறிய வேண்டுவன சில. நிலம் நடுங்கும்போது வீட்டினுள் இருப்போர் ஓடுதல் கூடாது. தரையில் குனிந்து, உறுதியான மேசையின் கீழ்ப் புகுந்து, தலையைக் காத்து, நடுக்கம் நிற்கும்வரை மேசைக் காலைப் பற்றியிருத்தல் வேண்டும். வெளியில் இருப்போர் சுவர்களையும் மின்கம்பங்களையும் விட்டு விலக வேண்டும். கடற்கரையில் வாழ்வோர், நடுக்கம் வன்மையாயினும், மென்மையாய் நெடுநேரம் நீடிப்பினும், கடல் உள்வாங்கினும், எவருடைய அறிவிப்பையும் எதிர்பாராது மேட்டை அடைதல் வேண்டும். பொருளை எடுக்கத் திரும்பலாகாது.

ஹிரோவில் 1903 முதல் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் மக்கள் கூடி, கோரியோவின் கரைக்கு மண் சுமந்து இடும் விழா நடைபெற்று வருகிறது. மாணவரும் அதில் பங்கு கொள்கின்றனர். பேரலை வந்த நாள் ஜப்பானின் பழைய நாட்காட்டியில் பதினோராம் திங்கள் ஐந்தாம் நாளாகும். அதனை நினைந்து, நவம்பர் 5ஆம் நாளை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2015இல் அறிவித்தது. வைக்கோற்போர்த் தீ அன்றிரவே அணைந்தது. அது காட்டிய வழியோ இன்றும் சிறுவர் உள்ளங்களில் ஒளிர்கின்றது.